‘இருந்தால்’ என்ற ஒரு சொல்: பிரசார் பாரதி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பிரசார் பாரதி வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டிக்குள் எங்கள் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அட்டை பழுப்பேறி, ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே ஆண்டுக்கு ஒரு வில்லை ஒட்டி, அதன் மேல் தபால் நிலைய முத்திரை குத்தியிருக்கிறது. அந்த முத்திரைகளில் இரண்டை நானே குத்தினேன். 1976இல் கல்யாணமாகித் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு வந்தவள், அடுத்த ஆண்டு தபால் இலாகாவில் குமாஸ்தாவானேன். கரோல்பாக் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் எனக்குக் கிடைத்த முதல் கவுண்டர், ரேடியோ, டிவி லைசென்ஸ் வசூல். இப்போது மயூர் விஹாரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிறேன்.

புத்தகத்தைப் பார்த்த அண்ணன் மகனுக்கு ஒரே சிரிப்பு. “ரேடியோ கேக்கறதுக்கு லைசென்ஸா அத்தை? துப்பாக்கிக்குத்தானே லைசென்ஸ்?” என்றான். சிரித்து முடித்தபின், ஆகாஷவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் உங்கள் நிறுவனத்தை உண்டாக்கிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை அச்செடுத்துக் கொடுத்தான். அவன் வேடிக்கைக்குக் கொடுத்தான், நான் உட்கார்ந்து படித்தேன். சட்டத்தின் 17ஆம் பிரிவில் என் கண் நின்றுவிட்டது. பிரசார் பாரதிக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் என்னென்ன தரலாம் என்று சொல்லுமிடத்தில் முதலாவதாக இருப்பது ரேடியோ, டிவி பெட்டிகளின் லைசென்ஸ் கட்டணத்தில் வசூலாகும் பணம். பக்கத்திலேயே ஒரு சொல்: ‘இருந்தால்’. அதன்பின், வசூல் செலவு போக.

அந்த வசூல் செலவு நான்தான் ஐயா. மாதச் சம்பளம், ஒரு ஸ்டூல், ஒரு மைத்தட்டு.

இந்தச் சட்டம் நிறைவேறியபோது லைசென்ஸ் முறை ஒழிந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்று இரண்டு பேண்டு உள்ள மலிவு டிரான்சிஸ்டர்களுக்கு முதலில் விலக்குத் தந்தார்கள். 1980களின் நடுவில் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சட்டம் எழுதியவர்கள் அந்தக் கதவை ஆணியடித்து மூடவில்லை, ‘இருந்தால்’ என்று ஒரு விரற்கடை திறந்து வைத்திருக்கிறார்கள். பொது ஒலிபரப்பை நடத்தும் பணம் நேயர்கள் கட்டும் லைசென்ஸிலிருந்து வர வேண்டுமா, விளம்பரத்திலிருந்தா என்ற பழைய வழக்கில், அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த மடல்.

பழைய லைசென்ஸை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதை வசூலித்தவளுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், டிவிக்கு 50. தவணை தப்பினால் அபராதம். கட்டணம் கட்ட வந்தவர்களை விட, கட்டாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெட்டி ரிப்பேரில் கிடக்கிறது என்பார் ஒருவர். மச்சான் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது, தன்னுடையது அல்ல என்பார் இன்னொருவர். ஒரு பெரியவர் ஆண்டு தவறாமல் வந்து, போன ஆண்டு முழுதும் சரியாகக் கேட்கவில்லை, பாதிப் பணம்தான் தருவேன் என்று தகராறு செய்வார். அவரை எனக்குப் பிடிக்கும். அந்த 15 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கியிருக்கிறோம், பொருள் சரியில்லை என்றால் கேட்கலாம் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. கேட்ட இடம்தான் தப்பு. ஸ்டாம்பு விற்கும் பெண்ணிடம் கேட்டு என்ன பயன்?

கட்டாதவர்களைத் தேடி இன்ஸ்பெக்டர் வருவார். பகல் வேளையில் வருவார், பகல் வேளையில் வீட்டில் இருப்பது பெண். கணவர் வாங்கி வைத்த பெட்டிக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். கதவைத் திறந்த கையோடு ரேடியோவின் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிய பஞ்சாபி அக்கா ஒருத்தியின் கதையை எங்கள் இன்ஸ்பெக்டரே சொல்லிச் சிரிப்பார். துப்பட்டாவுக்கு அடியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததாம். அப்போது நானும் சிரித்தேன். பிரிட்டனில் இன்றும் டிவி லைசென்ஸ் கட்டாத குற்றத்துக்கு வழக்கில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள் என்று பிற்பாடு படித்தபோது சிரிப்பு வரவில்லை. அங்கேயும் கதவைத் திறப்பது அவர்கள்தானே. 1922இல் பத்து ஷில்லிங்கில் தொடங்கிய அந்தக் கட்டணம் 2025இல் 174 பவுண்டு 50 பென்ஸ். மாளிகையில் இருப்பவருக்கும் ஒற்றை அறையில் இருப்பவருக்கும் அதே தொகை.

நம் நாட்டில் முதல் லைசென்ஸ் கதையே தோல்விக் கதை. 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையம் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, பத்து ரூபாய் லைசென்ஸில் தனக்கு வரும் பங்கை நம்பி இறங்கியது. மூன்று ஆண்டில் நாடு முழுதும் எட்டாயிரம் லைசென்ஸைக்கூட எட்டவில்லை. 1930இல் கம்பெனியைக் கலைத்துவிட்டு, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம் ஒலிபரப்பு சர்க்கார் கைக்குப் போனதற்குப் பின்னால் பெரிய கொள்கை எதுவும் இல்லை, வசூல் ஆகவில்லை, அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாமல் பெட்டி வைத்திருப்பது குற்றம் என்ற சட்டம்கூட 1933இல்தான் வந்தது.

இன்னொன்றையும் மறக்க முடியாது. நான் தில்லிக்கு வந்த ஆண்டு எமர்ஜென்ஸி. வானொலியை ‘ஆல் இந்திரா ரேடியோ’ என்று ஜனங்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது லைசென்ஸ் கட்டணம் முழு வீச்சில் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. கேட்பவர் கட்டிய பணம் அவர் சார்பில் யாரையும் பேச வைக்கவில்லை. பணம் வானொலி கேட்பவரிடமிருந்து கிளம்பியது, போய்ச் சேர்ந்தது சர்க்கார் கஜானாவில். அங்கிருந்து வானொலிக்கு எவ்வளவு, யார் கையால் என்பதை மந்திரிகள் முடிவு செய்தார்கள். படியளக்கிற கை எதுவோ அதைத்தான் ஒலிவாங்கி பார்த்துக்கொண்டிருந்தது. தன்னாட்சி கொடுங்கள் என்று ஏ.கே. சந்தா என்பவர் தலைமையிலான குழு 1966இலேயே எழுதியிருந்தது. எமர்ஜென்ஸி முடிந்ததும் 1978இல் வர்கீஸ் குழுவும் எழுதியது. சட்டம் வர 1990, அது நடைமுறைக்கு வர 1997.

என் அப்பாவின் கதையைச் சொன்னால் லைசென்ஸ் கட்சிக்காரர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு என்றால் ஆகாதவர். வானொலியிலிருந்து அதை ஏறக்குறைய விரட்டியே விட்டார். 1957இல் விவித் பாரதி தொடங்கித்தான் பாட்டு வீடு திரும்பியது. அதற்குள் ஜனங்கள் வேறு வீடு பார்த்துவிட்டார்கள். 1960களில் எங்கள் ஊரில் ரேடியோ என்றால் இலங்கை வானொலி. கோடியக்கரைக்கு அந்தப் பக்கம் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு, சென்னையை விடச் சுத்தமாக எடுக்கும். மயில்வாகனனின் குரலும், பிறகு கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி. அப்பா ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று இந்திய அரசுக்கு லைசென்ஸ் கட்டுவார், வீட்டுக்கு வந்து கொழும்பைத் திருப்புவார். அந்தக் கொழும்பு வர்த்தக ஒலிபரப்பு ஓடியது விளம்பரத்தில், அதுவும் நம் ஊர்க் கம்பெனிகளின் விளம்பரத்தில். கேட்பவருக்கு எது நல்லது என்று லைசென்ஸ் பணம் வாங்கியவர்கள் முடிவு செய்தார்கள். கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று விளம்பரம் வாங்கியவர்கள் பார்த்தார்கள். நான் எந்தப் பக்கம் என்று அப்போது கேட்டிருந்தால் கூசாமல் கொழும்பு என்றிருப்பேன்.

அதனால் விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்குகிறவள் இல்லை நான். 1967 நவம்பரில் விவித் பாரதியில் பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில் விளம்பரம் தொடங்கி, பிறகு சென்னைக்கும் வந்தபோது, தமிழ்நாடே ‘வர்த்தக ஒலிபரப்பு’ என்று அதற்கொரு செல்லப்பெயர் வைத்துக் கேட்டது. தூர்தர்ஷனுக்கு 1976 ஜனவரி முதல் தேதி விளம்பரம் வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐம்பது ஆண்டுகள். இந்த ஐம்பது ஆண்டில் விளம்பரம் எங்கே போகும், எங்கே போகாது என்று தெரிந்துவிட்டது.

அது எங்கே போகாது என்பதை எனக்குப் புரிய வைத்தது அண்ணன் மகன்தான். குருகிராமில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எந்தச் சேனலில் எத்தனை நொடி வாங்குவது என்று கணக்குப் போடுவது அவன் வேலை. தில்லியில் இத்தனை தமிழர்கள் இருக்கிறோம், தனியார் பண்பலை எதிலாவது வாரத்துக்கு ஒரு மணி நேரம் தமிழ் உண்டா என்று அவனிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

“அத்தை, விளம்பரம் குடுக்கறவன் நிகழ்ச்சிய வாங்கறதில்ல. கேக்கற ஆளத்தான் வாங்கறான். ஆயிரம் பேருக்கு இவ்வளவுன்னு ரேட்டு. ஆர்.கே. புரத்துலயும் மயூர் விஹார்லயும் இருக்கற மாமிகளுக்காக எவன் தனியா காசு போடுவான்? உங்களுக்கும் இந்தி தெரியும். இந்தியில போட்டா நீங்களும் கேட்டுடுவீங்க, ஒரே செலவுல முடிஞ்சுது.”

கோபம் வந்தது, ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. சரக்கு நான்தான், மொத்த விலைக்குப் போகும்போது என் மொழி எடை குறைந்த சரக்கு. தில்லியில் தமிழுக்கு நடப்பது சென்னையில் சௌராஷ்டிரத்துக்கும் நீலகிரியில் படுகுக்கும் நடக்கும். இந்தி பேசும் நாட்டிலேயே, வாங்கும் சக்தி குறைந்த கிழவர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடக்கும்.

விவசாயி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் சிறுமியாக இருந்தபோது தஞ்சைப் பகுதியில் புதிதாக ஏ.டி.டி. 27 என்றொரு நெல் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதை விதைப்பது முதல் அறுப்பது வரை சொல்லிக் கொடுத்தன. ஊர்க்காரர்களுக்கு அந்த நம்பர் வாயில் நுழையவில்லை, ‘ரேடியோ நெல்லு’ என்றார்கள். கடைசிவரை எங்கள் களத்தில் அதற்கு அதுதான் பெயர். அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரக்காரர் பணம் கொடுத்திருப்பாரா? உரக் கம்பெனி கொடுத்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். உரத்தைப் பற்றியே சொல்லியிருக்கும். எப்போது உரம் போடாதே என்று சொல்வதற்கு யார் பணம் கொடுப்பார்?

என் அண்ணன் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, தென்னை ஒன்று நிற்கவில்லை. நாங்கள் இங்கே உட்கார்ந்து அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தோம். ஐந்தாம் நாள் பேசியபோது அவர் சொன்ன முதல் செய்தி: “பேட்டரி ரேடியோ இருக்குடா தங்கச்சி, சேதி கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.” (எனக்கு எழுபத்தொன்று, அவருக்கு இன்னும் ‘டா’.) தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க இந்த நாட்டில் அனுமதி இல்லை, ஆகாஷவாணிச் செய்தியை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவே. ஆகவே ரேடியோவில் செய்தி என்றால் நீங்கள்தான், போட்டிக்கு ஆள் கிடையாது. அந்தச் சேதியைத் தந்த நிலையத்தின் டீசலுக்கும் இரவுப் பணியாளருக்கும் ஆகும் செலவை எந்தச் சோப்புக் கம்பெனியின் கணக்கில் எழுதுவது?

எழுத முடியாதபோது என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1988இல் தொடங்கி மாலையிலிருந்து விடியும்வரை ஒலித்த ஆகாஷவாணியின் தேசிய அலைவரிசையை, செலவைக் குறைப்பதாகச் சொல்லி 2019 தொடக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள். இரவு விழித்திருப்பவர்கள் காவலாளிகள், லாரி ஓட்டுநர்கள், நோயாளிக்குத் துணை இருப்பவர்கள். என் கணவரின் கடைசி மாதங்களில் நானும் அவர்களில் ஒருத்தி. அந்த நேரத்துக்கு விலை கொடுக்கச் சந்தையில் ஆள் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆள் இல்லாததால்தானே பொது ஒலிபரப்பு என்று ஒன்று வேண்டியிருக்கிறது?

இப்போது உங்களுக்குப் படியளப்பது யார்? 2007 அக்டோபர் 5க்கு முன் சேர்ந்த ஊழியர்களின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. கோபுரம், கருவி, கட்டுமானம் என்றால் அதுவும் அங்கிருந்தே. 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்பை வளர்க்கும் ‘பிண்ட்’ திட்டத்துக்கு அமைச்சரவை ஒதுக்கியது 2,539.61 கோடி ரூபாய். மீதிக்கு விளம்பரம், ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் எடுக்கும் ஏலம். கிரிக்கெட்டிலும் பங்கு உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி முக்கிய ஆட்டங்களைத் தனியார் உங்களோடு பகிர வேண்டும், டிவி விளம்பர வருமானத்தில் உரிமைக்காரருக்கு 75, உங்களுக்கு 25. ஃப்ரீ டிஷ் நல்ல காரியம், மாதக் கட்டணம் இல்லாமல் ஏழை வீட்டுக்குப் படம் போகிறது. ஆனால் ஏலத்தில் வெல்கிற சேனல்களில் பெரும்பாலானவை இந்தியும் போஜ்புரியும். ஏன் என்று அண்ணன் மகன் மேலே சொல்லிவிட்டான்.

ஆக, நம் ஊரில் லைசென்ஸா விளம்பரமா என்று இரண்டு பேரை மட்டும் நிறுத்தி மல்லுக்கட்டுவது அரைக் கணக்கு. மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது, அதுதான் மற்ற இரண்டையும்விட நீளம். அமைச்சகம் ஒதுக்குகிற பணத்தை அமைச்சகம் நிறுத்தவும் முடியும். அமெரிக்காவில் பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. நம்மிடம் அப்படி நடக்கவில்லை, நடக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ஏன் அவசியம் வரவில்லை என்பதை உங்கள் இரவுச் செய்தியைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் அறிவார்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன்.

பெட்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், வீட்டுக்கு ஒரு சிறு கட்டணம் வையுங்கள். ஜெர்மனியில் 2013இல் இப்படித்தான் மாற்றினார்கள். வீட்டில் டிவி இருக்கிறதா, துப்பட்டாவுக்கு அடியில் என்ன பாடுகிறது என்ற விசாரணையே இல்லை, வீட்டுக்கு இவ்வளவு. இப்போது மாதம் 18 யூரோ 36 சென்ட். இத்தாலியில் 2016இல் மின்கட்டணச் சீட்டோடு சேர்த்தார்கள், ஏய்ப்பு மளமளவென்று குறைந்தது. பாகிஸ்தானிலும் பல ஆண்டுகள் கரண்டு பில்லில் மாதம் 35 ரூபாய் டிவிக்கென்று வாங்கினார்கள். நம் ஊரில் கரண்டு பில்லைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அது மாநிலத்தின் கையில் இருக்கிறது, ஒற்றை விளக்கு எரிகிற குடிசைக்கும் போகிறது. கேபிள், டி.டி.எச்., பிராட்பேண்ட் சீட்டுகளில் சேருங்கள். மாதம் பத்து ரூபாய். ஃப்ரீ டிஷ் வீட்டுக்கும், ரேடியோ மட்டும் வைத்திருப்பவருக்கும் ஒன்றும் வேண்டாம். பத்து கோடி வீடுகள் கட்டுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,200 கோடி. ‘பிண்ட்’ திட்டத்தின் தொகை ஏறக்குறைய இரண்டே ஆண்டில் வந்துவிடும்.

ஏற்கெனவே கேபிளுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறதே, அதிலிருந்து ஒரு துளி ஒதுக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். பிரான்ஸ் 2022இல் 138 யூரோ கட்டணத்தை ரத்து செய்துவிட்டு மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கு என்று மாற்றியது. மக்களுக்கு வசதிதான், யாரும் எதுவும் கட்டுவதாகத் தெரியாது. எனக்கு அது தெரிய வேண்டும். சீட்டில் ‘பொது ஒலிபரப்பு: ரூ. 10’ என்று தனி வரியாக இருக்க வேண்டும். கவுண்டரில் என்னோடு சண்டை போட்ட அந்தப் பெரியவருக்கு 15 ரூபாய் கொடுத்த தைரியம், வேறொரு வரிக்குள் ஒளித்துவைத்த பணத்தால் வராது.

வசூலாகும் பணம் கஜானாவுக்குப் போனால் எமர்ஜென்ஸிக் கதைதான். எவ்வளவு தேவை என்று கணக்குப் போட ஜெர்மனியில் அரசுக்கும் நிலையங்களுக்கும் வெளியே நிபுணர் குழு ஒன்று இருக்கிறது. 2020இல் அந்தக் குழு சொன்ன உயர்வை ஒரு மாநிலம் மட்டும் முரண்டுபிடித்துத் தடுத்தது. 2021இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தலையிட்டு உயர்வை அமலாக்கியது. பிரிட்டனில் அப்படி ஒரு வேலி இல்லை. கட்டணத்தை அரசே தீர்மானிக்கிறது, 2022இலிருந்து இரண்டு ஆண்டு 159 பவுண்டிலேயே நிறுத்தி வைத்தது. அங்கே லைசென்ஸ் பணத்தில் நடக்கும் பி.பி.சி.யின் சாசனம் 2027 இறுதியில் முடிகிறது, லைசென்ஸா விளம்பரமா சந்தாவா என்று இப்போதே சண்டை. லைசென்ஸ் பணம் கைவசம் இருந்தும் பி.பி.சி.யின் தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுபோனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டன்காரர் கட்டுகிற காசில் நமக்கு எத்தனை நாள் தமிழ் வரும்? நம் தமிழுக்கு நாம்தான் கட்ட வேண்டும்.

விளம்பரத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. விவித் பாரதியில் இருக்கட்டும், கிரிக்கெட்டில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் மறுபடியும் கேஸ்கர் ஆகிவிடுவீர்களோ என்று உள்ளூர ஒரு பயமும் இருக்கிறது. செய்தியிலும் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் மட்டும் வேண்டாம். அரசு விளம்பரமும் விளம்பரம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஓடிடிக்கும் கட்டி, கேபிளுக்கும் கட்டி, தூர்தர்ஷனுக்கும் கட்டுவதா என்று ஜனங்கள் கேட்பார்கள். கேட்கட்டும். 1995இல் உச்ச நீதிமன்றம் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. சொத்துக்காரர்தான் பராமரிப்புச் செலவு தர வேண்டும், தந்தபின் கணக்குக் கேட்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், இன்றைய தூர்தர்ஷனுக்கு ஜனங்கள் பத்து ரூபாய் தர மாட்டார்கள். பணத்துக்கு முன்னால் நம்பிக்கை வர வேண்டும். நம்பிக்கை வரச் செய்ய உங்களால் உடனே முடிந்த காரியம் ஒன்று இருக்கிறது, அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

சரோஜ் நாராயண்சுவாமி தமிழ்ச் செய்தி வாசித்தது பார்லிமெண்ட் வீதியில். நான் முத்திரை குத்திக்கொண்டிருந்த கவுண்டருக்கு அங்கிருந்து டி.டி.சி. பஸ்ஸில் அரை மணி நேரம். அந்தக் குரல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கணீரென்று கேட்டது. கரோல்பாக்கில் ஒண்டுக்குடித்தனம் இருந்த நாங்கள் அதைப் பிடிக்க மர்பி ரேடியோவில் சிற்றலையைத் துழாவ வேண்டியிருந்தது. பல நாள் இரைச்சல்தான் கிடைக்கும், கிடைத்த நாளில் பக்கத்துப் போர்ஷன் மலையாளிச் சேச்சியும் வந்து நிற்பார். 2022இல் அந்த அம்மா மும்பையில் காலமான செய்தி வந்தபோது மலை மந்திரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் படியில் உட்கார்ந்து அந்தக் குரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒருவர் கேட்டார்: அந்தத் தமிழ்ப் பிரிவுக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு செலவு செய்திருப்பார்கள்?

யாருக்கும் தெரியவில்லை. இந்தக் காலத்துக் கணக்கும் தெரியவில்லை. நான் தேடிப் பார்த்த உங்கள் ஆண்டறிக்கைகளில் மொத்த வரவு இருக்கிறது, மொத்தச் செலவு இருக்கிறது, மொழிவாரியான கணக்கு என் கண்ணில் படவில்லை. பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் தருவது உங்கள் கடமை என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. போதியது என்றால் எத்தனை ரூபாய்? தமிழுக்கு எவ்வளவு, துளுவுக்கு எவ்வளவு, போடோவுக்கு எவ்வளவு, இந்திக்கு எவ்வளவு, ஒவ்வொன்றிலும் விளம்பரம் ஈட்டியது எவ்வளவு, அரசு கொடுத்தது எவ்வளவு?

ஒரு நிதியாண்டுக்கு, ஒரே ஒரு பட்டியல் போதும். அதைப் பொதுவில் வையுங்கள். பத்து ரூபாயைப் பற்றி அதன்பின் பேசலாம். பதில் எழுதுவதாக இருந்தால் தபாலிலேயே அனுப்புங்கள், எங்கள் பேட்டைத் தபால்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா ஒருத்தி,
மயூர் விஹார், தில்லி